ஐந்தில் ஒரு பங்கு

தவமணி அம்மையின் ஆசிரமத்துக்கு வந்து போகிறவர்களில் மாசிலாமணியும் ஒருவர். அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். நலத்துறையில் மாவட்ட அதிகாரி. சனிக்கிழமைகளில் வருவார், பின்வரிசையில் உட்காருவார், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்.

அந்தச் சனிக்கிழமை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு சந்தேகம் அம்மா. அஞ்சு பேர் சேர்ந்து எடுத்த முடிவுல ஒருத்தனோட பங்கு எவ்வளவு?"

"எதைப் பத்தின முடிவு?"

அவர் சொன்னார்.

ஆதரவற்றவர்களுக்கு மாதாமாதம் அரிசி கொடுக்கும் திட்டம் அது. அதற்காக ஐந்து மாவட்டங்கள் சேர்ந்து ஒரே கணினி அமைப்பை வைத்திருந்தன. தனித்தனியாக வைத்துக்கொள்ள எந்த மாவட்டத்துக்கும் வசதி இல்லை. மாவட்டத்துக்கு ஒருவராக ஐந்து அதிகாரிகள் அதை நிர்வகித்தார்கள். நான்கு பேராவது ஒப்புக்கொண்டால்தான் அதில் எதையும் மாற்ற முடியும். அந்தக் குழுவுக்கு மாசிலாமணி தலைவர்.

அரிசி வாங்க வருபவர் கடையில் உள்ள கருவியில் விரலை வைக்க வேண்டும். ரேகை சரியாக இருந்தால்தான் கணினி ஆளை ஏற்கும், அரிசி கிடைக்கும். மலை மாவட்டத்தில் தேயிலை பறித்துப் பறித்து ரேகை தேய்ந்துபோனவர்கள் நிறையப் பேர். அவர்களைக் கணினி ஏற்கவில்லை. அந்த மாவட்டத்து அதிகாரி பொற்கொடி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, இவர்களுக்கு வேறு வழி வையுங்கள் என்று கேட்டார். வைத்தால் ஐந்து மாவட்டங்களிலும் சில நாள் வேலை நிற்கும். மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று மாசிலாமணி முடித்துவைப்பார்.

"நேத்து பொற்கொடி ஒரு அம்மாவையே கூட்டிட்டு வந்துட்டாங்க. நஞ்சம்மான்னு பேரு. புருஷன் இல்ல, பிள்ளைங்க இல்ல. அவங்க எதுவும் பேசல. ரெண்டு கையையும் மேசை மேல விரிச்சு வச்சாங்க. அவ்வளவுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்னு."

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"தூக்கம் வரல அம்மா. ஆனா நான் மட்டும் இல்லையே. இன்னும் மூணு பேர் வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தாங்க."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்," என்று அம்மை எழுந்தார்.

சமையல்காரர் சோற்றை வடித்து வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். பரிமாற ஆள் இல்லை.

"நீங்களே ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்குங்க," என்றார் அம்மை.

அன்று வந்திருந்தவர்கள் ஐந்து பேர். வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மை கடைசியில், வரிசை திரும்பும் இடத்தில், ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்து உட்கார்ந்தார். சோற்றுப் பாத்திரம் கைமாறிக்கொண்டே போய், அம்மைக்கு முந்தின ஆளோடு நின்றது. அங்கிருந்தே திரும்பி இரண்டாம் முறை சுற்றியது. ரசமும் மோரும் அதே வழியில் போய்வந்தன. பேச்சு மழையைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும் நடந்தது.

மாசிலாமணி அம்மையின் இலையைப் பார்த்தார். வெறும் இலை. இன்று விரதமாக இருக்கும் என்று நினைத்தார். விரதம் என்றால் இலை எதற்கு என்றும் தோன்றியது. அம்மைக்குப் பக்கத்தில் இருப்பவர் கவனித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார். மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டார்.

கை கழுவி வந்தபோது அம்மை அதே இடத்தில் இருந்தார்.

"அம்மாவுக்கு இன்னிக்கு விரதமா?"

"இல்ல. பசிக்குது."

ஐவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பாத்திரத்தில் ஒரு பருக்கை இல்லை.

"நான் பார்த்தேன் அம்மா," என்றார் மாசிலாமணி. "சாப்பிடும்போதே பார்த்தேன்."

"நானும்தான்," என்றார் அம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பங்கு கேட்டீங்களே மாசிலாமணி," என்றார் அம்மை. "என் பசியை அஞ்சாப் பிரிச்சு, உங்களோடதைச் சொல்லுங்க."

அவருக்குக் காது மடல்வரை சுட்டது. அடுப்படிக்குப் போய் உலை வைத்தார். சோறு வடித்துப் பழக்கமில்லை. குழைந்துபோனது. அம்மை அதைச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மாசிலாமணி சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

திங்கட்கிழமை அவசரக் கூட்டம் கூட்டினார். எல்லோர் முன்னிலையிலும் பொற்கொடியிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்ல சார்," என்று பொற்கொடி சொன்னது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி இருந்தது. பிறகு மற்ற மூவரிடமும் வாதாடினார், கெஞ்சினார், ஒரு கட்டத்தில் குரலை உயர்த்தினார். ஒருவர் இறங்கிவந்தார். மற்ற இருவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மறுபடி முன்வரிசையில் உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"இந்தத் தடவை நான் சும்மா இருக்கல அம்மா. என்னால ஆனதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். மூணு பேர் சேர்ந்துட்டோம். ஒருத்தர் குறையுது, அதனால விழுந்துபோச்சு. என் பங்கை நான் முடிச்சுட்டேன். இனிமே அது அந்த ரெண்டு பேரோட பாவம்தானே?"

அம்மை அவரைப் பார்த்தார்.

"நஞ்சம்மா சாப்பிட்டாங்களா?"

அந்த வாரம் முழுவதும் மாசிலாமணி அதை யாரிடமும் கேட்டிருக்கவில்லை.