பாஸ்டனுக்கு ஒரு நல்ல வண்டி

வண்டிகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி விருந்தாளிகளாகப் போனார்கள். கணவர் பெயர் தெய்வசிகாமணி. பால் கூட்டுறவுச் சங்கத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலம் பூராவும் பாலுக்குள் பால்மானியை விட்டுத் தண்ணீரைக் கண்டுபிடித்த மனுஷன். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பால்மானியை அவர் கீழே வைத்ததில்லை. அவர் மனைவி மங்கையர்க்கரசி. எல்லோருக்கும் மங்கை.

மகன் குமரேசன் நியூயார்க்கில் இருந்தான். மகள் தேன்மொழி பாஸ்டனில் இருந்தாள். இரண்டு ஊருக்கும் நடுவே அரை நாள் பயணம்கூடக் கிடையாது. ஆனால் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. கூட வேலை பார்த்த ஒடிசாக்காரப் பையனை அவள் கட்டிக்கொண்ட நாளில், "இனிமே என் கண்ணுல முழிக்காதே" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அவளும் அவர் பெற்ற பெண்தானே. அவராக வந்து கூப்பிடுகிற வரைக்கும் நான் வர மாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டாள். இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது.

மங்கை அந்தக் குழந்தைக்காக வசம்பு வளையல் ஒரு ஜோடி கொண்டு வந்திருந்தாள். வசம்புத் துண்டும் கருப்பு வெள்ளை மணியும் கோத்த, பிஞ்சுக் கைக்கான வளையல். பெரிய பெட்டியில் போட மனசு வராமல், விமானம் ஏறியதிலிருந்து கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

வந்து இறங்கிய களைப்பு தீர்ந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, பாஸ்டனுக்கு எப்பப் போறோம்?"

மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அழுதிருப்பாள். சாப்பிடாமல் கிடந்திருப்பாள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"போலாம். நல்ல வண்டியாப் பாத்துப் போலாம்" என்றார்.

மங்கைக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. பாவம், நம்பிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டிகள் குமரேசன் வீட்டுக்கு வந்துவிட்டன. விமானம் இறக்கையை மடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தது. ரயில் தலையைக் கூடத்தில் வைத்து, வாலைத் தெருவில் விட்டிருந்தது. பஸ் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. குமரேசனின் சொந்தக் கார் கராஜிலிருந்து மூக்கை மட்டும் நீட்டியது. மங்கை யாரும் சொல்லாமலே கேசரியும் பஜ்ஜியும் போட்டு எடுத்து வந்தாள். தெய்வசிகாமணி கால் மேல் கால் போட்டுக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே அவள் கை தானாக ரவை டப்பாவைத் தேடிவிட்டது.

விமானம்தான் முதலில் பேசியது. "ஐயா, ஏறி உக்காந்து பெல்ட்டைப் போட்டா, கழட்டுறதுக்குள்ள பாஸ்டன். என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

"ஏறுறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டு, இடுப்பு வாரைக் கழட்டு, கையைத் தூக்குன்னு சொல்வியே, அதைச் சொல்லலையே?" என்றார் தெய்வசிகாமணி. "பொண்ணு வீட்டுக்குப் போறதுக்கு நான் திருடன் மாதிரி நிக்கணுமா?"

விமானத்தின் முகம் சுண்டிவிட்டது.

ரயில் தொண்டையைச் செருமியது. அது கொஞ்சம் பழைய பெருமைக்காரன். "அவசரப்பட்டு என்ன ஆகப் போகுது? என்கிட்ட வந்தா எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம். வலது பக்கம் உக்காந்தா வழியில கடல் தெரியும். அம்மா பாத்துக்கிட்டே வரலாம்."

மங்கைக்கு ரயிலைப் பிடித்துப் போயிற்று. இரண்டு பஜ்ஜி கூடுதலாக வைத்தாள்.

தெய்வசிகாமணி டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தார். அந்த நாட்டுக்கு வருகிற நம் ஆட்கள் யாருக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "கடலைப் பாக்கவா இவ்வளவு? நம்ம நாகப்பட்டினத்துல சும்மாவே கிடக்கு" என்றார்.

"அப்படின்னா என்கூட வாங்கய்யா" என்றது பஸ். "எனக்கு ஆடம்பரம் தெரியாது. கொண்டு போய்ச் சேத்துடுவேன்."

"பஸ்ல போய் இறங்கினா சம்பந்தி என்ன நினைப்பார்?"

பஸ்ஸுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. "எந்தச் சம்பந்திய்யா?" என்று கேட்டுவிட்டது.

மங்கை கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தேன்மொழிக்குக் கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். அதுவும் ஒரு பஸ்ஸைத் தட்டிக் கழிப்பதற்காக வந்தது.

கடைசியில் கார் பேசியது. அதன் குரல் யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல இருந்தது. "தம்பி ஒரு வார்த்தை சொன்னாப் போதும். காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாடு தங்கச்சி வீட்டுல."

எல்லோரும் குமரேசனைப் பார்த்தார்கள். அவன் போனைப் பார்த்தான்.

"வாரம் பூரா உழைக்கிற பிள்ளை. ஞாயித்துக்கிழமையும் அவன் ஸ்டியரிங் பிடிக்கணுமா?" என்றார் அப்பா.

"அப்பா எப்படிச் சொல்றாரோ அப்படியே செஞ்சுக்கலாம்மா" என்றான் மகன். தங்கைக்கும் அப்பாவுக்கும் நடுவில் நிற்காமல் தப்பித்ததில் அவனுக்கு ஏக நிம்மதி. கார் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

அடுத்த வாரமும் வண்டிகள் வந்தன. சொன்ன குறைக்கெல்லாம் பதில் கொண்டு வந்திருந்தன. சக்கர நாற்காலி தருகிறேன், வாசலிலிருந்தே தள்ளிக்கொண்டு போகிறேன் என்றது விமானம். முன்னாலேயே எடுத்தால் கட்டணம் குறையும் என்றது ரயில். அவரும் புதுக் குறைகளோடு தயாராக இருந்தார். சக்கர நாற்காலியில் போனால் பார்க்கிறவன் நோயாளி என்று நினைப்பான். முன்னாலேயே எடுத்துவிட்டு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யார் உட்காருவானோ. இப்படியே வாரங்கள் போயின. கேசரிக்கு ரவை தீர்ந்து, வாங்கி, மறுபடியும் தீர்ந்தது.

நடுவில் தேன்மொழி வீடியோவில் வருவாள். அப்பா குளிக்கப் போன நேரமாகப் பார்த்து மங்கை பேசுவாள்.

"எப்பம்மா வரீங்க?"

"அப்பா வண்டி பாத்துக்கிட்டிருக்காருடி."

தேன்மொழி பேச்சை மாற்றிவிடுவாள். குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். குழந்தை குண்டுக் கையை ஆட்டும். மணிக்கட்டில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. மங்கை போனை வைத்த பிறகு கைப்பையைத் திறந்து வளையலுக்குள் தன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். அதற்கு மேல் அதில் இடம் இல்லை.

பனி கொட்ட ஆரம்பித்தது. இனி பஸ் வழுக்கும், விமானம் தாமதமாகும் என்று தெய்வசிகாமணி சொன்னபோது அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. விமானம் ரோஷப்பட்டு வருவதை நிறுத்தியது. ரயிலும் நின்றது. பஸ் மட்டும் ஒரு நாள் காலையில் வாசலுக்கு வந்து, அவர் நடைப்பயிற்சிக்குப் போன நேரத்தில் மங்கையைக் கூப்பிட்டது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஐயா வண்டி பாக்கலம்மா."

"பின்னே?"

"போகாம இருக்க வழி பாக்குறாரு."

மங்கைக்கு முதலில் கோபம்தான் வந்தது, பஸ்ஸின் மேல். பிறகு அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. ஊர் வீட்டின் கூடம் கண்ணில் வந்தது. தேன்மொழிக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷங்கள். ஒருத்தனுக்கு மூக்கு சரியில்லை. ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய அக்கா இருந்தாள். ஒருத்தன் அதிகம் பேசினான், அடுத்தவன் பேசவேயில்லை. ஒவ்வொருத்தரும் கேசரி தின்றுவிட்டுப் போனார்கள். நல்ல இடமாகப் பார்த்துச் செய்யலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், பெண்ணுக்கு முப்பது தாண்டும் வரைக்கும். அவருக்குக் கிடைக்காத மாப்பிள்ளையை அவளே தேடிக்கொண்டபோது அவளையே குறை என்றார்.

"நீங்க மட்டும் வாங்கம்மா" என்றது பஸ். "இங்கிலீஷ் தெரியலேன்னா பரவாயில்லை. கதவு பக்கத்துல உக்காருங்க. பொண்ணு வந்து இறக்கிக்கும். பொழுது சாயறதுக்குள்ள பேத்தியைத் தூக்கிடலாம்."

மங்கை கைப்பையை எடுத்துக்கொண்டாள். ஒரு காலில் பூட்ஸைக்கூட மாட்டிவிட்டாள்.

அப்புறம் நின்றாள். "இருப்பா. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

நாற்பது வருஷப் பழக்கம் அது. அடுத்த தெருக் கல்யாணத்துக்குப் போவதாக இருந்தாலும் அவள் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

அவர் வந்ததும் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. குல்லாயைக் கழற்றி, பனியைத் தட்டி, ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"தனியாவா? ஏன் அவசரப்படறே? நல்ல வண்டி அமையட்டும்னுதானே பாக்கறேன்."

"மாப்பிள்ளை பாக்கறப்பவும் இதையேதாங்க சொன்னீங்க."

"பாத்ததுல என்ன தப்பு?"

மங்கைக்குப் பதில் தெரியும். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை வருஷமாக விழுங்கியவளுக்குத் துப்பத் தெரியவில்லை. அவள் வாசலுக்குத் திரும்பி வந்தபோது பஸ் போயிருந்தது. நேரத்துக்குக் கிளம்புகிற வண்டி அது. எவ்வளவு நேரம்தான் நிற்கும். அவள் ஒற்றைக் காலில் பூட்ஸோடு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

விசா முடிகிற நாள் வந்தது. ஊருக்குக் கொண்டு போகிற பெரிய விமானம் வந்து நின்றது. அதை யாரும் கூடத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கவில்லை. அது தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லிக்கொள்ளவில்லை. தெய்வசிகாமணி அதற்காகச் செருப்பைக் கழற்றினார், இடுப்பு வாரைக் கழற்றினார், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வந்தார். கட்டணத்தை ரூபாயில் பெருக்கவில்லை. பக்கத்தில் யார் உட்காருகிறான் என்று திரும்பியும் பார்க்கவில்லை.

மங்கைக்கு ஜன்னல் சீட்டு. வெயில் பளிச்சென்று இருந்தது. மேலே ஏறிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், விமானம் அவள் காதில் மட்டும் கேட்கும்படி சொன்னது.

"அம்மா, கீழே பாருங்க. பாஸ்டன்."

கீழே கடலை ஒட்டி ஓர் ஊர் கிடந்தது. ஓர் ஆறு. பாலங்கள். பனி மூடிய கூரைகள். அதில் ஏதோ ஒரு கூரைக்கடியில் குழந்தை இப்போது தூங்கிக்கொண்டிருக்கும். மங்கை கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"என்னங்க" என்றாள்.

அவர் குனிந்து அவளைத் தாண்டிப் பார்த்தார். என்ன ஊர் என்று கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லா வண்டியிலயும் குறை கண்டீங்களே" என்றாள் மங்கை. அவள் குரலில் சண்டை இல்லை. "இதுல மட்டும் ஒன்னும் தெரியலையா?"

ஊர் இறக்கைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கழுத்தைத் திருப்பி, கடைசிக் கூரை மறைகிற வரைக்கும் அவர் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு குறை இருக்கு, மங்கை" என்றார். "இது நடுவுல எங்கேயும் நிக்காது."