பொற்கொடியின் குடம்

எங்கள் பள்ளியில் கணினி அறிவியல் கற்பித்த எஸ்தர் மனோரஞ்சிதம்தான் இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர். ஆசிரியர் ஓய்வறையில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே சொன்னார்.

"அம்மையே, பொற்கொடிக்கு மட்டும் வேறு இனக்குழு எழுதிக் கொடுத்தீர்களா?"

கேட்டவர் வள்ளிநாயகம். வயது ஐம்பத்தாறு. மலை மடத்தில் நிரல் எழுதக் கற்க வந்தவர். அங்கே கற்பித்த அம்மைக்கு முப்பத்து நான்கு.

மடத்தில் தண்ணீர் அரிது. ஒவ்வொரு சீடருக்கும் ஒரு கத்தரிப் பாத்தி உண்டு. குழாயைத் திறந்து மூடுவது கணினி. 'குடம்' என்றோர் இனக்குழுவை, அதாவது நிரலில் 'கிளாஸ்' எனப்படும் வார்ப்பை, அம்மை ஒரே முறை எழுதி வைத்திருந்தார். அதைக் கொண்டு சீடர் ஒவ்வொருவரும் கணினியில் தமக்கென ஒரு குடத்தை ஆக்கிக்கொள்வார். செய்த வேலைக்கு ஏற்ப அம்மை அதில் லிட்டர்களை ஏற்றுவார். குடத்தில் இருக்கும் அளவுக்கே பாத்தியில் குழாய் திறக்கும்.

"ஏன் அப்படிக் கேட்கிறீர்?"

"அவள் குடத்தில் அறுபது லிட்டர் இருக்கிறது. என் குடத்தில் பன்னிரண்டு."

அம்மை இனக்குழு எழுதிய தாளை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதில் எத்தனை லிட்டர் இருக்கிறது?"

வள்ளிநாயகம் இருபுறமும் திருப்பிப் பார்த்தார். குடத்துக்கு இருப்பு என ஒன்று வேண்டும். நிரப்பவும் ஊற்றவும் தெரிய வேண்டும். அவ்வளவே எழுதியிருந்தது.

"இதில் தண்ணீரே இல்லை, அம்மையே."

"இருவருக்கும் இதைத்தான் கொடுத்தேன்."

பக்கத்துப் பாத்தியிலிருந்து பொற்கொடி சிரித்தாள். "அண்ணா, பூ விடும் வாரத்துக்கென்று நான் சேர்த்து வைத்தது அது. நீங்கள் என் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் கத்தரியை யார் பார்ப்பது?"

வள்ளிநாயகம் நேரே கணினியின் முன் போய் அமர்ந்து ஒரே வரி எழுதினார்.

என்குடம் = பொற்கொடிகுடம்

பிறகு தம் குடத்தைப் பார்த்தார். அறுபது.

அவள் குடத்தைப் போலவே தமக்கும் ஒன்று அமைந்துவிட்டது என்று மகிழ்ந்து, இருபது லிட்டரைத் தம் பாத்திக்குத் திறந்துவிட்டார்.

மறுநாள் களை பறித்தார். அம்மை அவர் பெயருக்குப் பத்து லிட்டர் ஏற்றினார். குடத்தில் ஐம்பது இருந்தது.

அவர் பொற்கொடியின் குடத்தையும் பார்த்தார்.

ஐம்பது.

"அம்மையே! களை பறித்தவன் நான். அவளுக்கு எதற்குப் பத்து லிட்டர்?"

"அவளுக்கு நான் ஏற்றவில்லையே."

"என் கண்ணால் பார்த்தேன்!"

"உம் குடத்தைப் பார்த்தீரா?"

"அதை எதற்குப் பார்க்க வேண்டும்? அதில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?"

அம்மை அடுத்த பாத்தியைப் பார்க்கப் போனார்.

அன்று மாலை வரை அவருக்கு மனம் ஆறவில்லை. நான் குனிந்து நிமிர்ந்தால் அவளுக்கும் ஏறுகிறது. நான் சேர்த்தால் அவளும் சேர்க்கிறாள். என்னிடம் இருந்தால்தானே அவளுக்கு ஏறும் என்று எண்ணினார்.

ஐம்பது லிட்டரையும் தம் பாத்திக்கே திறந்துவிட்டார். பாத்தி சேறாயிற்று. கத்தரிச் செடிகள் இரண்டு வேரோடு சாய்ந்தன.

மூன்றாம் நாள் பொற்கொடியின் பாத்தியில் முதல் பூ விட்டது. காற்று அனலாக வீசியது. அவள் தண்ணீர் திறக்கப் போனாள். குழாய் திறக்கவில்லை.

"அம்மையே, என் குடம் வெறுமையாக இருக்கிறது. நான் ஒரு சொட்டும் எடுக்கவில்லை."

இலைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. வள்ளிநாயகத்துக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மை கணினியில் அந்த ஒற்றை வரியைப் படித்தார். உள்ளே சென்று ஒரு பித்தளைக் குடம் கொண்டுவந்தார். அதன் கழுத்தில் 'பொற்கொடி' என்று எழுதிய சீட்டைக் கட்டினார்.

அதே கழுத்தில் 'வள்ளிநாயகம்' என்று எழுதிய இன்னொரு சீட்டையும் கட்டினார்.

"உம் குடத்தை எடுத்துக்கொள்ளும்."

அவர் கை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

இரண்டு சீட்டுகளையும் படித்துப் பார்த்துக் கேட்டார். "அப்படியானால், பன்னிரண்டு லிட்டர் இருந்த என் குடம்?"

"அதில் இருந்த பெயரை நீர்தாம் அவிழ்த்தீர். பெயரற்ற குடத்தைக் கணினி குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடும்."

வள்ளிநாயகம் கணினியின் முன் அமர்ந்தார். தாம் எழுதிய வரியை அழித்தார்.

என்குடம் = புதிய குடம்

இருப்பு சுழியம் என்று காட்டியது. பக்கத்துக் குடத்தில் எவ்வளவு என்று அவர் பார்க்கவில்லை.

எழுந்தார். பித்தளைக் குடத்தின் கழுத்திலிருந்து தம் பெயர்ச் சீட்டை அவிழ்த்துவிட்டுக் குடத்தைத் தோளில் ஏற்றினார். சுனை முந்நூற்று நாற்பது படிகளுக்குக் கீழே இருந்தது. குடம் பன்னிரண்டு லிட்டர் கொள்ளும்.

முதல் குடத்தைப் பொற்கொடியின் பாத்தியில் ஊற்றினார். மீண்டும் இறங்கினார்.

மூன்றாம் முறை ஏறி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணா, போதும். இலை நிமிர்ந்துவிட்டது."

"இலையைக் கேட்டா எடுத்தேன்?" என்று சொல்லி இறங்கினார்.

பொழுது சாய்வதற்குள் ஐந்தாம் குடத்தையும் ஊற்றி முடித்தார்.

அறுபது லிட்டர்.