சனிக்கிழமை சுத்தம்

"எழுத இடம் கொடுத்தாச்சு, ஆளுக்கு ஒரு போன் கொடுத்தாச்சு. ஒருத்தனும் எழுத மாட்டேங்குறானே, ஏன்?" என்று கேட்டார் தேவசகாயம்.

சபுரா கையைக் காட்டி நிறுத்தினாள். ஹெட்போனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். சிம்மக்கல்லில் ஒரு லிஃப்டின் கதவு திறக்கவில்லையாம்.

தேவசகாயம் காத்திருந்தார்.

மதுரையில் நூற்றுப் பதினேழு கட்டடங்களின் லிஃப்டைப் பராமரிக்கும் நிறுவனம் அது. அவர் சர்வீஸ் மேனேஜர், வயது ஐம்பத்து நான்கு. சபுராவுக்கு முப்பத்தொன்று. வரும் புகாருக்கெல்லாம் எண் போட்டு, யார் பொறுப்பு, முடிந்ததா இல்லையா என்று டிராக்கரில் ஏற்றுவது அவள் வேலை.

மெக்கானிக்குகள் அவளைக் குருநாதர் என்பார்கள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் சிக்கல் என்று வந்தால் மேனேஜரும் மாடியேறி அவளிடம்தான் வருவார். யோசனை கேட்க வந்ததாக மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சபுரா ஹெட்போனைக் கழற்றினாள்.

"சொல்லுங்க சார்."

"சோணைமுத்துவ வேலைய விட்டு எடுக்கிறேன். லெட்டர் சாயங்காலத்துக்குள்ள போகணும்."

"என்ன செஞ்சாரு?"

"ஒண்ணுமே செய்யல. அதான் குத்தம்."

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை, அண்ணா நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வயதான டீச்சரம்மா, ஆஸ்துமாக்காரர். அந்தக் கட்டடத்தை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் சோணைமுத்து அன்று லீவு. அக்கா பேத்திக்குக் காதுகுத்து. அவருக்குப் பதிலாகப் போன பென்னட், போனில் விக்கியை, கட்டட விவரங்களை எழுதி வைக்கும் நிறுவனத்தின் இணையப் பக்கங்களை, திறந்து பார்த்தான். மெஷின் ரூம் சாவி வாட்ச்மேன் அறையில் என்று இருந்தது. அறை பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் வேலையை விட்டு நின்று எட்டு மாதமாகியிருந்தது. சாவி எதிர்ச்சாரியில் அயன் வண்டிக்காரரிடம் இருப்பதைக் கண்டுபிடிக்க ஐம்பது நிமிடம் ஆனது.

டீச்சரம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார்.

"அந்தச் சாவி எங்க இருக்குன்னு நம்மாளுகள்ல சோணைக்கு மட்டும்தான் தெரியும். எட்டு மாசமா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கான். ஒரு வரி எழுதியிருந்தா அந்தம்மா அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்திருப்பாங்க."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனே. தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். வாயத் திறந்தாத்தானே?"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்த விக்கி அவருடைய செல்லப்பிள்ளை. கட்டடத்துக்கு ஒரு பக்கமாக நூற்றுப் பதினேழையும் இரண்டு வருடம் உட்கார்ந்து அவரே எழுதினார். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும் ஒவ்வொன்றும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு வந்ததும் எல்லாப் பக்கங்களையும் வரிசையாகத் திறந்து சுத்தம் செய்வார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

இன்றும் சனிக்கிழமைதான்.

"நீதான் சொல்லேன். இவனுகள எழுத வைக்க என்னதான் செய்யணும்?"

"லெட்டர் அடிச்சிட்டீங்களா சார்?"

நீட்டினார். சபுரா முழுவதும் படித்தாள்.

"எட்டு மாதங்களாகன்னு போட்டிருக்கீங்க. தேதி வேணாமா? எந்தத் தேதியிலருந்து எழுதாம இருந்தாருன்னு?"

"அதுக்கு எங்க போறது?"

"அந்தப் பக்கத்துலயே இருக்கும் சார். மேல, வலது ஓரத்துல ஒரு கடிகாரப் படம். அதை அமுக்குனா யார், என்னைக்கு, என்ன மாத்துனாங்கன்னு வரும்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு சார்."

அவர் கீழே போனார். ஹெட்போன் மறுபடி கத்தியது. சபுரா இன்னொரு புகாருக்கு எண் போட்டாள்.

கீழே தேவசகாயத்தின் அறை வாசலில் பெஞ்சு. அதில் சோணைமுத்து. மடியில் மடித்து வைத்த யூனிஃபார்ம். கேட்டால் கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்தார். அவரைப் பார்க்காமலே தேவசகாயம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கடிகாரப் படத்தை அமுக்கினார்.

பிப்ரவரி பதினொன்று, சோணைமுத்து: "வாட்ச்மேன் நின்னுட்டாரு. சாவி எதுத்தாப்புல அயன் வண்டி பெருமாளண்ணன்கிட்ட இருக்கு. நல்ல மனுசன், எப்பப் போனாலும் குடுப்பாரு."

பிப்ரவரி பதினான்கு, தேவசகாயம்: "பக்கம் சுத்தம் செய்யப்பட்டது."

பிப்ரவரி பதினேழு, சோணைமுத்து. அதே வரிதான். நல்ல மனுசன் என்பதை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்.

பிப்ரவரி இருபத்தொன்று, தேவசகாயம். சுத்தம்.

மார்ச்சில் இன்னொரு முறை. "மெஷின் ரூம் சாவி: திரு. பெருமாள், அயன் வண்டி." இந்தத் தடவை சார் எழுதுவது மாதிரியே எழுதிப் பார்த்திருந்தார். அந்தச் சனிக்கிழமை அதுவும் போயிருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் எழுதவில்லை.

தேவசகாயம் டிராக்கரைத் திறந்து சோணைமுத்துவின் பெயரைத் தேடினார். புகார் எண் 3318: "அண்ணா நகர் சாவி எடம் மாறிருச்சு. பக்கத்துல எழுதுனா அழிஞ்சு போகுது. யாராச்சும் பாருங்க."

மூடியவர் தேவசகாயம். காரணம்: "இது லிஃப்ட் பழுது அல்ல."

வேறொரு கட்டடத்தின் பக்கத்தைத் திறந்து கடிகாரத்தை அமுக்கினார். அங்கே பென்னட் ஏதோ எழுதியிருந்தான். அதற்கடுத்து சுத்தம். இன்னொன்று. அங்கேயும் சுத்தம். எதையும் அழித்த ஞாபகமே அவருக்கு இல்லை; தான் எழுதாத வரி கண்ணில் பட்டால் படிக்காமலே எடுத்துவிடுவது பழக்கமாகிவிட்டிருந்தது.

மறுபடி மாடியேறி சபுராவிடம் போனார்.

"உனக்குத் தெரியுமா?"

"ஒவ்வொரு மாத்தத்துக்கும் எனக்கு மெயில் வரும் சார்."

"அப்பவே ஏன் சொல்லல?"

சபுரா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"பயந்துட்டேன் சார். அந்தம்மா உள்ள கெடந்த அம்பது நிமிசத்துல எனக்கும் பங்கு இருக்கு."

போன் அடித்தது; அவள் எடுக்கவில்லை.

"மூடின புகாரைத் திரும்பத் திறக்க முடியுமா?"

"முடியும் சார்."

"யாரு திறக்கலாம்?"

"யாரு வேணாலும்."

"எனக்கு எப்படின்னு காட்டு."

காட்டினாள். ஒரே ஒரு பட்டன். 3318 திறந்துகொண்டது. பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை அவரே அடித்தார். கொண்டுவந்திருந்த கடிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

சோணைமுத்து பெஞ்சிலிருந்து எழுந்து யூனிஃபார்மை நீட்டினார்.

"அதை வையிப்பா. உள்ள வா."

தன் நாற்காலியைக் காட்டினார். சோணைமுத்து நுனியில் உட்கார்ந்தார். எதிரே அண்ணா நகர்ப் பக்கம் திறந்திருந்தது.

"சாவி எங்க இருக்குன்னு எழுது."

"நா எழுதுனா நல்லா இருக்காதே சார்?"

"அந்த அயன்காரர் எப்படி?"

"நல்ல மனுசன் சார்."

"அதையும் எழுது."

சோணைமுத்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். வெகு நேரம் ஆயிற்று. கடைசியில், சேமிக்கவா என்று திரை கேட்டது. விரலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, சரியா என்று கேட்கத் திரும்பினார்.

அறையில் சார் இல்லை.

கதவு திறந்திருந்தது. தேவசகாயம் வெளியே அந்தப் பெஞ்சில், மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.