உறைபனிக்கு முந்திய மாலை

மேல்மலையில் பேரிமரங்களுக்கு நடுவே ஒரு சிறிய மடம் இருந்தது. அதன் குருவை எல்லோரும் அம்மா என்றே அழைத்தார்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. அவருடைய சீடர் சிவக்கொழுந்து அவரைவிட இருபது வயது மூத்தவர். தேனியில் நடத்திவந்த துணிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலையேறி வந்தவர். மடத்துத் தோட்டம் அவர் பொறுப்பில் இருந்தது.

ஐப்பசி மழை ஓய்ந்து மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கியிருந்தன. ஒருநாள் காலை மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்த சிவக்கொழுந்து பாதியில் நிறுத்தினார். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மாவிடம் போனார்.

“தோட்டத்தை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்கம்மா.”

“ஏன்?”

“மனசு ஒட்டலை.”

சிவக்கொழுந்து மெல்ல மெல்லப் பேசினார்.

அந்தத் தோட்டத்தை அவரும் பிச்சாண்டியும் சேர்ந்து உண்டாக்கினார்கள். பிச்சாண்டி மதுரையில் அச்சகம் வைத்திருந்தவர். இருவரும் ஒரே வருஷம் மடத்துக்கு வந்தார்கள். புதர் மண்டிக் கிடந்த சரிவை வெட்டித் திருத்தி, கல் பொறுக்கி, பாத்தி கட்டினார்கள். எந்தச் செடியை எங்கே வைப்பது என்று சண்டை போடுவார்கள். சண்டை முற்றினால் பேச மாட்டார்கள். ஆனால் பேசாமலே ஒரே பாத்தியில் வேலை செய்வார்கள். இலை உதிரும் மாதங்களில் சருகைக் குவித்துத் தீ மூட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து வறக்காப்பி குடிப்பார்கள். பிச்சாண்டி பழைய நாடகப் பாட்டுகளைக் கட்டைக் குரலில் பாடுவார். சருகுப் புகை சட்டையெல்லாம் ஏறி, வழிபாட்டுக் கூடத்துக்குப் போனால் மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். பொழுது விடியாதா, தோட்டத்துக்குப் போக மாட்டோமா என்று இருந்த காலம் அது.

பிறகு பிச்சாண்டியின் முழங்கால் குளிர் தாங்கவில்லை. மகள் வந்து மதுரைக்கு அழைத்துப் போய்விட்டாள். முதலில் அடிக்கடி போன் செய்து, என்ன பூத்திருக்கிறது, எந்த மரம் காய்த்தது என்று கேட்பார். இப்போது தன் மருந்துகளைப் பற்றி மட்டும் சொல்கிறார்.

“அவர் போனதாலதான் இப்படி ஆச்சா?” என்று அம்மா கேட்டார்.

“அப்படியும் சொல்ல முடியலைம்மா. அவர் போன பிறகும் ரெண்டு வருஷம் ஆசையாத்தான் செஞ்சேன். என்னைக்குப் போச்சுன்னே தெரியலை. விருப்பமில்லாம செய்யற வேலை பொய் மாதிரி இருக்கு.”

அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சரி என்றார். அன்றைக்கே தோட்டத்தைப் பொற்கொடியிடம் ஒப்படைத்தார். சிவக்கொழுந்துக்குச் சமையற்கட்டில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது.

பொற்கொடி நாகப்பட்டினத்துக்காரி. முப்பது வயதிருக்கும். மடத்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மரம் மொத்த இலையையும் கொட்டி நிற்பதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளிடம் உற்சாகத்துக்குக் குறைவே இல்லை. செடிகளோடு பேசுவாள். மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து பாடுவாள். சரிவின் கீழ்ப்பக்கம் பீன்ஸ் விதைத்து, முளை வந்த அன்று மடம் முழுக்கக் கூட்டி வந்து காட்டினாள்.

சமையற்கட்டு ஜன்னல் வழியே சிவக்கொழுந்து பார்த்துக்கொண்டிருப்பார். மொட்டையாய் நின்ற பிளம்ஸ் மரங்களுக்கு அவள் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். அவர் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அவளே கண் கலங்கி வந்து, மரம் எல்லாம் செத்துவிட்டதா என்று கேட்டாள். தூங்குகிறது, தண்ணீரைக் குறை என்று மட்டும் சொல்லிவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தார்.

மார்கழி பிறந்தது. பீன்ஸ் பூத்துப் பிஞ்சு விட்டிருந்தது.

ஒரு மாலை சிவக்கொழுந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். வெளியே காற்று சட்டென்று நின்றுபோனது. நிமிர்ந்து பார்த்தார். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. மூக்கு நுனி சில்லிட்டது. இந்த மாதிரி ஒரு மாலைக்குப் பிறகுதான், முதல் வருஷம், அவரும் பிச்சாண்டியும் போட்ட உருளைக்கிழங்கு முழுவதும் ஒரே இரவில் உறைபனியில் கருகிப்போனது.

வழிபாட்டுக் கூடத்தில் பாட்டு தொடங்கியிருந்தது. பொற்கொடியின் குரல் தனியாகக் கேட்டது.

கத்தியைக் கீழே வைத்தார். அடுப்பின் கதகதப்பை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. பிறகு எழுந்து, கொட்டகையிலிருந்த பழைய சாக்குகளை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்.

பீன்ஸ் பாத்திகளைச் சுற்றிக் குச்சி நட்டு, அதன்மேல் சாக்கை விரித்து, ஓரத்தில் கல் வைத்து நகர்ந்தார். விரல் மரத்தது. இடுப்பு வலித்தது. யாரையென்று இல்லாமல் திட்டிக்கொண்டே செய்தார். பாதியில் யாரோ சாக்கின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார்கள். அம்மா. மீதியை இருவருமாக விரித்தார்கள். கீழ்க்கோடியில் இரண்டு பாத்திக்குச் சாக்கு போதவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு ஏறி வந்தார்கள்.

காலையில் புல்வெளி முழுக்க உப்புத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. மூடாத இரண்டு பாத்தியும் வெந்த கீரையாகச் சுருண்டு கிடந்தன. அதன் முன்னால் உட்கார்ந்து பொற்கொடி அழுதாள். பிறகு ஒவ்வொரு சாக்காக விலக்கினாள். உள்ளே இலையும் பூவும் பிஞ்சும் பச்சையாக இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சாக்கு, அடுத்த சாக்கு என்று ஓடினாள்.

மேட்டில் நின்று சிவக்கொழுந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“பழைய உற்சாகம் திரும்பிடுச்சா?”

சிவக்கொழுந்து யோசித்தார். இல்லை என்று தலையாட்டினார்.

“பிச்சாண்டி இருந்திருந்தா இதையே சிரிச்சுக்கிட்டு செஞ்சிருப்போம்மா. நேத்து ஒவ்வொரு சாக்கையும் விரிக்கறப்போ, அப்படியே போட்டுட்டுத் திரும்பிப் போயிடலாம்னுதான் இருந்தது.”

“அப்புறம் ஏன் போகலை?”

“பனி இறங்கப் போகுதுன்னு தெரிஞ்சுதே.”

“செடிக்கு அது போதும்” என்றார் அம்மா.