இருவாச்சியின் முதுகு

மலையடிவாரத்துச் சிறிய மடம் ஒன்றில் உலகம்மை என்ற துறவி இருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. அவர் சொற்பொழிவு செய்வதில்லை. யாராவது கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் தோட்டத்தில் களை பிடுங்குவார்.

அவரிடம் வருகிறவர்களில் அதிகம் கேள்வி கேட்டவர் வடிவு டீச்சர். குருவைவிட வயதில் மூத்த சிஷ்யை. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இல்லாமலே மைதானத்தின் கடைசி மூலைவரை போகிற குரல். பள்ளிக் கிணற்றில் விழுந்த பிள்ளையைச் சேலையோடு குதித்துத் தூக்கி வந்தவர் என்பதால், பயமே அறியாதவர் என்று ஊரில் பெயர்.

மற்றவர்கள் அமைதி வேண்டி மடத்துக்கு வந்தார்கள். வடிவு டீச்சர் விடை வேண்டி வந்தார்.

"தியானத்துல மூக்கு அரிச்சா சொறியலாமாம்மா?"

"சொறியலாம்."

"தியானம் கலைஞ்சிடாதா?"

"சொறியாம இருந்தா மூக்கைத்தானே தியானம் பண்ணிட்டு இருப்பீங்க."

ஒரு நாள் காலையில் வடிவு டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். தலை வாரவில்லை. சேலையைத் தாறுமாறாகச் சுற்றியிருந்தார். புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

உலகம்மை மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"ஆஸ்பத்திரியிலேயிருந்து ஓடி வந்துட்டேன்."

வடிவு டீச்சரின் கழுத்தில் கட்டி ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. தள்ளிப்போட வேண்டாம், அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தின நாளே தங்கை கோமுவோடு போய்ச் சேர்ந்திருந்தார். காலையில் நர்ஸ் வந்து, "அடுத்து நீங்கதான்" என்றாள். வடிவு டீச்சர் குளியலறைக்குள் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு பின்படி வழியாக இறங்கிவிட்டார். கோமு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கோமுவுக்குச் சொன்னீங்களா?"

"இல்ல."

"முதல்ல போன் பண்ணுங்க. அப்புறம் இட்லி சாப்பிடுங்க. ராத்திரியிலேயிருந்து பட்டினியா இருப்பீங்க."

போனில் கோமு அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். டாக்டர் அடுத்த வாரம் வேறொரு நாள் தருவதாகச் சொன்னார் என்றாள். வடிவு டீச்சர் தட்டில் இருந்த இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தார். சாப்பிடவில்லை.

"கத்திக்கு நான் பயப்படலைம்மா. மயக்க மருந்துக்குத்தான். ஊசி போட்டதும் போயிடுவோமாமே. எங்கே போவேன்? உடம்பு மேஜையில கிடக்கும். நான் எங்கே இருப்பேன்?"

"தெரியலையே. நான் ஒரு தடவைகூட மயங்கினதில்ல."

"உங்களுக்கே தெரியலைன்னா யாருக்குத் தெரியும்? சரி, அது போகட்டும். இந்தப் பயத்தையாவது எடுத்துவிடுங்க. பயம் போன பிறகு நான் போய்ப் படுத்துக்கறேன்."

உலகம்மை இட்லித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மேலே மழைக்காட்டுப் பூங்கான்னு ஒண்ணு திறந்திருக்காங்களாம். மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்காங்களாம். நாளைக்குப் போவோமா?"

அந்தப் பாலத்தில்தான் அம்மா இந்தப் பயத்தைப் போக்கப் போகிறார் என்று வடிவு டீச்சருக்குத் தோன்றியது. இட்லியைச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் முதல் பேருந்தில் போனார்கள். விடுமுறை இல்லாத நாள் என்பதால் பூங்காவில் கூட்டமே இல்லை. வாசலில் இருந்த வனக்காவலர் கொஞ்சம் சுண்ணாம்பு தந்து, கணுக்காலில் தடவிக்கொள்ளச் சொன்னார். அட்டை ஏறாதாம்.

"உள்ளே சத்தம் போடக் கூடாதும்மா. பாலத்துல ஒரு நேரத்துக்கு ரெண்டு பேர்தான். குளிக்கணும்னா கசம் இருக்கு, தண்ணி தேங்கற கல்குழி, அதுல கயிறு கட்டியிருக்கற இடம்வரைக்கும் போகலாம். அதுக்கு அந்தப் பக்கம் ஆழம்."

காட்டுக்குள் வெயில் வரவில்லை. நேற்றைய மழை இன்னும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வடிவு டீச்சர் குரலை அடக்கி அடக்கிக் கேள்வி கேட்டுக்கொண்டே நடந்தார். இந்த மரத்தின் அடிமரத்திலேயே காய் காய்த்திருக்கிறதே, ஏன்? மேலே இருமுவது குரங்கா, மனுஷனா? அட்டைக்குக் கண் உண்டா? கண் இல்லாமல் நம் காலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரும்பாலானவற்றுக்கு உலகம்மை, "தெரியலை" என்றார். சிலவற்றுக்கு நின்று, குனிந்து, அவரும் சேர்ந்து பார்த்தார்.

பாலம் வந்தது. இரும்புக் கம்பிகளில் தொங்கிய பலகைகள். இரண்டு பக்கமும் வலை. கீழே ஓடை இருந்த இடத்தில் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

வடிவு டீச்சர் மூச்சை இழுத்துவிட்டு ஏறினார். பாலம் ஆடியது. ஆட ஆட அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. விளையாட்டு மைதானத்தில் நடப்பதுபோல விறுவிறுவென்று நடந்து மறுபக்கம் போய் இறங்கினார். கொஞ்சம்கூடப் பயம் வரவில்லை. இதைச் சொல்லலாம் என்று திரும்பினார்.

உலகம்மை பாலத்தின் தொடக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கம்மா!"

உலகம்மை ஒரு காலை வைத்தார். வலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த காலை வைக்க வெகுநேரம் ஆயிற்று. பாலத்தின் நடுவில் வந்தபோது அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. பிறகு தலையைத் தாழ்த்திக் கீழே எதையோ பார்த்தார். மறுபடி ஒவ்வொரு பலகையாக நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்தார். வந்ததும் ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டார். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

வடிவு டீச்சருக்குப் புரியவில்லை.

"உடம்புக்கு என்னம்மா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பயம்."

"பயமா? உங்களுக்கா?"

"சின்ன வயசிலேயிருந்தே உயரம்னா ஆகாது. மாடிப்படிகூட சுவரோரமாத்தான் ஏறுவேன்."

வடிவு டீச்சருக்குக் காது சூடாயிற்று. காட்டில் சத்தம் போடக் கூடாது என்பதை மறந்தார்.

"இத்தனை வருஷமா உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கேன். ஒரு பாலத்தைத் தாண்ட முடியாதவங்களா நீங்க?"

"தாண்டிட்டேனே."

"தாண்டின லட்சணத்தைப் பார்த்தேன்! உங்க பயத்தையே உங்களால எடுக்க முடியலை. என்னோடதை எப்படி எடுப்பீங்க?"

"எடுக்கறேன்னு நான் சொல்லலையே டீச்சர். போவோமான்னுதான் கேட்டேன்."

வடிவு டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னே நடந்தார். ஈரப் பாதையில் வேகமாக நடந்தார். இனி மடத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தார். ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. கட்டி வளர்ந்தால் வளரட்டும். கண்ணில் நீர் வந்தது. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. பாலத்தில் நின்ற அந்த வெளுத்த முகம் மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பாதை ஒரு வளைவில் திரும்பியது. அங்கே நின்றார். யாரும் இல்லை. எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். காலைக் குனிந்து பார்த்தார். சுண்ணாம்பைத் தாண்டி ஒரு அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சுண்டிவிட்டு நிமிர்ந்தபோது மனதில் ஒரு கேள்வி வந்து நின்றது. கோபத்தைவிட அது பெரிதாக இருந்தது.

திரும்பிப் போனார். உலகம்மை அதே வேரில்தான் உட்கார்ந்திருந்தார். நடுக்கம் குறைந்திருந்தது.

"நடுவுல நின்னீங்களே. கீழே என்னத்தைப் பார்த்தீங்க?"

"இருவாச்சி."

"எந்த இருவாச்சி?"

"பாலத்துக்கு அடியிலே பறந்து போச்சே. பெரிய பறவை. யாரோ முறத்தால புடைக்கற மாதிரி சத்தம் கேட்டுச்சு. குனிஞ்சு பார்த்தா, கீழே அதோட முதுகு. பறக்கற பறவையோட வயித்தைத்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன். முதுகைப் பார்த்ததே இல்ல. றெக்கையில வெள்ளைப் பட்டை. காத்துல ஒவ்வொரு இறகும் தனித்தனியா எந்திரிச்சு எந்திரிச்சு அடங்குது. எவ்வளவு அழகு தெரியுமா?"

"நான் பார்க்கலையே."

"நீங்க வேகமாப் போயிட்டீங்க."

"அப்போ பயம் போயிடுச்சா?"

"இல்லையே. முழங்கால் தந்தியடிக்குது. நாக்கு ஒட்டிக்கிச்சு. விழுந்தா செத்தோம்னு நினைச்சுக்கிட்டே பார்த்தேன்."

வடிவு டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பாதையின் முடிவில் கசம் இருந்தது. மேலேயிருந்த பாறையில் வழுக்கி வந்த தண்ணீர் கல்குழியில் தேங்கி, பச்சையாக, அடி தெரியும்படி நின்றது. குறுக்கே மஞ்சள் கயிறு. வேறு யாரும் இல்லை. கைப்பையைப் பாறையில் வைத்துவிட்டு வடிவு டீச்சர் இறங்கினார். ஆற்றங்கரையில் வளர்ந்தவர். இரண்டு வீச்சில் கயிற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். மல்லாந்து மிதந்தார். கரையில் உலகம்மை கால் விரல்களை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்கம்மா."

"நீச்சல் தெரியாது."

"சும்மா மிதக்கறதுக்கு நீச்சல் எதுக்கு? நான் பிடிச்சுக்கறேன்."

உலகம்மை தண்ணீரைப் பார்த்தார். வடிவு டீச்சரைப் பார்த்தார். காவிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்.

"இடுப்பளவு போதும். அப்படியே பின்னாலே சாயுங்க. என் கை இருக்கு. தலையைத் தூக்காதீங்க. தூக்கினா முங்கிடுவீங்க."

உலகம்மை தலையைத் தூக்கினார். முங்கினார். மூக்கில் தண்ணீர் ஏறி இருமினார். வடிவு டீச்சர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"போதுமாம்மா?"

"இன்னொரு தடவை."

இந்த முறை வடிவு டீச்சர் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகுக்கு அடியில் கொடுத்தார். மைதானத்தில் பேசிய குரல் இல்லை அது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது பேசுகிற குரல்.

"கழுத்தை விடுங்க. இன்னும் பிடிச்சு வெச்சிருக்கீங்க. தோளை விடுங்க. காது தண்ணிக்குள்ள போகட்டும். ஆங். அப்படித்தான். இப்போ என்ன கேக்குது?"

"கல்லு உருள்ற மாதிரி ஒண்ணு. தூரத்துல யாரோ பேசற மாதிரி ஒண்ணு."

"பேசறது நான்தான்."

உலகம்மை சிரித்தார். சிரித்ததில் உடம்பு தளர்ந்தது. கால்கள் தாமாக மேலே வந்தன. கண் திறந்து மேலே பார்த்தார். மரங்களுக்கு நடுவில் கொஞ்சம்போல வானம்.

வடிவு டீச்சரின் கைகளில் கனமே இல்லை. தண்ணீர்தான் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"மிதக்கறீங்கம்மா. கையை எடுத்திடட்டுமா?"

"வேண்டாம்."

"எடுத்தாலும் மிதப்பீங்க. சத்தியமா."

"இருக்கட்டும் டீச்சர். எடுக்காதீங்க."

வடிவு டீச்சர் எடுக்கவில்லை. கை விறைத்துப்போகும்வரை அப்படியே நின்றார்.

திரும்பும்போது மறுபடி அதே பாலம். உலகம்மை பின்னால் வந்தார். அவர் கை வடிவு டீச்சரின் தோளை இறுகப் பிடித்திருந்தது. வடிவு டீச்சர் மெதுவாக நடந்தார். வலைக்கு அந்தப் பக்கம் கீழே எட்டிப் பார்த்துப் பார்த்து நடந்தார். இருவாச்சி வரவில்லை.

"ரெண்டாவது தடவை பயம் குறையும்னு நினைச்சேன்" என்றார் உலகம்மை.

"குறைஞ்சுதா?"

"இல்ல."

அடுத்த வாரம் வடிவு டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார். உலகம்மையும் கூடப் போனார். அறுவை அரங்கின் கதவுவரை தள்ளுகட்டிலின் ஓரமாக நடந்தார். கோமு மறுபக்கம் நடந்தாள்.

"பயமா இருக்கும்மா."

"இருக்கும்."

"கொஞ்சம்கூடக் குறையலை. ஆனா, அங்கே என்ன இருக்குன்னு பார்க்கணும்னும் இருக்கு."

"பார்த்துட்டு வந்து சொல்லுங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

கதவு மூடியது. நேரம் போயிற்று. கோமுவுக்குச் சொன்ன நேரத்தைத் தாண்டியும் போயிற்று. கோமு எழுந்து எழுந்து நர்ஸிடம் கேட்டுவிட்டு வந்தாள். உலகம்மை பெஞ்சைவிட்டு எழவில்லை.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாக டாக்டர் வந்து சொன்னார். குரலுக்குச் சேதம் இருக்காது என்றார்.

வடிவு டீச்சர் கண் விழித்தபோது முதலில் விளக்கு தெரிந்தது. பிறகு உலகம்மையின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் ஒரு பள்ளிப் பிள்ளையின் ஆவல் இருந்தது.

"எங்கே போயிருந்தீங்க டீச்சர்?"

வடிவு டீச்சர் யோசித்துப் பார்த்தார். உள்ளே தேடித் தேடிப் பார்த்தார்.

"தெரியலைம்மா." குரல் கரகரத்து, காற்றாக வந்தது. "நீங்க இங்கேயே இருந்தீங்களா?"

"இங்கேயேதான்."

"பயந்தீங்களா?"

"ரொம்ப" என்றார் உலகம்மை.