பொம்மியின் கையில் பழுத்த தக்காளி

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் பேசும். அவற்றோடு பேச மனிதர்களுக்கும் நேரம் இருந்தது. ஆனால் தக்காளிக்கு ஒரு கண்டிப்பான விதி. செடியில் இருக்கும்வரைதான் அது சிவக்கும். காயாகப் பறித்துவிட்டால் பச்சையாகவே சுருங்கிப்போகும்.

மலையடிவார ஊர் ஒன்றில் மாதம்மா என்றொருத்தி இருந்தாள். அவளுடைய ஒரே மகள் பொம்மி. அந்த வருடம் மழை பொய்த்ததில் கொல்லைச் செடிகளெல்லாம் கருகி, ஒரே ஒரு தக்காளிச் செடி மிஞ்சியது. அதிலும் ஒரே ஒரு காய். அந்த நேரம் பார்த்துப் பொம்மி காய்ச்சலில் விழுந்தாள். ஒன்பது நாளாகக் கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. நாக்குக் கசக்கிறது, புளிப்பாகத் தக்காளி ரசம் வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மாதம்மா செடியின் முன்னால் போய் நின்றாள்.

"இன்னும் மூணே நாள் பொறுத்துக்கோ மாதம்மா. சிவக்க வச்சு நானே தர்றேன்," என்றது செடி.

அவளும் பொறுத்தாள். வீட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்து, மகளையும் காயையும் மாறி மாறிக் காத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் வேலியில் கிளிகள் வந்து உட்கார்ந்தன. அதே நேரம் உள்ளேயிருந்து பொம்மி தண்ணீர் கேட்டாள். தான் உள்ளே போனால் காய் கிளிக்குப் போய்விடும் என்று பயந்த மாதம்மா, சட்டென்று அதைப் பறித்துவிட்டாள். பெற்றவள் பயத்தில் செய்ததை யார் குறை சொல்ல முடியும்?

"ஒரு நாள்தானே பாக்கி, பறிச்சிட்டயே," என்றது செடி. அதன்பின் அது பேசவில்லை.

பச்சைக் காயை மகளின் கையில் கொடுத்துவிட்டு மாதம்மா அழுதாள். பொம்மி அழவில்லை. காயைக் கன்னத்தோடு வைத்து, உன் செடியம்மாவை விட்டு வந்துவிட்டாயா என்று கேட்டாள். ஆமாம், இனித் தன்னால் சிவக்க முடியாது என்றது காய்.

"முடியலன்னா விடு. தனியா இருக்காத, எங்கூடப் படுத்துக்கோ," என்றாள் பொம்மி.

அவளுடைய காய்ச்சல் சூட்டில், அவள் மூச்சுக்குப் பக்கத்தில் காய் கிடந்தது. ரசம் கேட்ட பிள்ளை, தராத தன்னைக் கோபிக்கவில்லையே என்று அதற்குத் தாங்கவில்லை. விதியை மறந்து, தன்னிடம் இருந்த உயிரையெல்லாம் கூட்டிச் சிவக்கப் பார்த்தது. முதல் நாள் வெளுத்தது. மறுநாள் மஞ்சள் ஓடியது. மூன்றாம் நாள் விடிந்தபோது முழுக்கச் சிவந்துவிட்டது.

"பொம்மி, பாரேன்," என்றது பழம். பொம்மி பார்க்கவில்லை. அவள் கை குளிர்ந்திருந்தது.

மகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த மாதம்மா, அந்தப் பழத்தைக் கரைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் காய்ச்சலில் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு அது சோறு கேட்டது. வெறும் சட்டியோடு வீடு திரும்பி, பொம்மியின் பாயில் உட்கார்ந்து மாதம்மா வெகுநேரம் அழுதாள்.

அன்று முதல்தான் தக்காளி, செடியை விட்டுப் பிரிந்த பிறகும் பழுக்கிறது. காய்ச்சல்காரர் வீட்டில் முதலில் ரசம் கொதிப்பதும் அன்று முதல்தான். காயை மட்டும் தனியாகப் போட்டுவிடாதீர்கள். பழுத்த ஒன்றின் பக்கத்தில் படுக்க வையுங்கள். பொம்மியும் அதைத் தன் பக்கத்தில்தான் படுக்க வைத்திருந்தாள்.