குழி எந்த வழியில்?

கொன்றைக் காட்டில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம். அதில் தவிட்டி என்றொரு இளம் பெண்பன்றி. அவளுடையதைப் போன்ற மூக்கு வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கும் கிழங்கையும் மேலே நின்றே மோந்துவிடுவாள். பாவம், வாய்தான் எழாது.

"தப்பா இருந்தாலும் இருக்கும்... அங்கே கிழங்கு இருக்கோ என்னவோ..." என்று பக்கத்தில் நிற்கும் முரசன் என்ற இளம் ஆண்பன்றியிடம் முணுமுணுப்பாள்.

முரசன் உடனே நெஞ்சை நிமிர்த்துவான். "எல்லாரும் வாங்க! இங்கே கிழங்கு!"

"மூக்குன்னா முரசன் மூக்குதான்!" என்று கூட்டம் மெச்சும். தவிட்டி மிச்சம் கிடந்த தோலைத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

அந்தக் கோடையில் ஓடை வற்றிவிட்டது. குட்டிகள் தாகத்தில் துவண்டன. தூரத்துக் குளத்துக்கு இரண்டு வழி. ஒன்று புளியமரத்தடி, இன்னொன்று பாறை இடுக்கு. தவிட்டி முன்னால் ஓடி இரண்டையும் மோந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"முரசா, வழியிலே... வந்து... மனுஷங்க குழி வெட்டி, சருகு போட்டு மூடியிருக்காங்க போல..."

அவள் முடிக்கவில்லை. "வழியில் குழி!" என்று முரசன் கத்தினான்.

"எந்த வழியிலடா?" என்று கேட்டாள் கூட்டத் தலைவி கருப்பாயி.

முரசன் திருதிருவென விழித்தான். தவிட்டியிடம் கேட்டால் மானம் போய்விடுமே! "பா... பாறை வழியில், பெரியம்மா!"

கூட்டம் புளியமரத்தடிக்குத் திரும்பியது. தண்ணீர் ஆசையில் குட்டிகள் முன்னால் ஓடின.

தவிட்டி பின்னாலேயே ஓடினாள். "பெரியம்மா, தப்பா நினைக்காதீங்க... எனக்கு என்னமோ..."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே பாய்ச்சல்! குட்டிகளுக்குக் குறுக்கே போய் நான்கு காலையும் ஊன்றி நின்றாள். "நில்லுங்க! குழி இந்த வழியில்தான்! புதுசா வெட்டின மண் வாசனையை நான் மோந்தேன்!"

"முரசன் வேற மாதிரி சொல்றானே?" என்றாள் கருப்பாயி.

"குழின்னு சொன்னது நான். பாறைன்னு சொன்னது அவன்!"

கருப்பாயி ஒரு காய்ந்த கட்டையை மூக்கால் முன்னே உருட்டிவிட்டாள். சருகு பிளந்தது. கட்டை தடாலென்று குழிக்குள் விழுந்தது.

எல்லாரும் முரசனைப் பார்த்தார்கள். முரசன் புளியமரத்தைப் பார்த்தான்.

"அப்போ அந்தக் கிழங்கெல்லாம்?" என்றது ஒரு குட்டி.

"அதுவும் நான்தான்." இந்த முறை தவிட்டி முணுமுணுக்கவில்லை.

"இனிமே நீ முன்னால நட!" என்றாள் கருப்பாயி.

"நடக்கிறேன் பெரியம்மா. ஆனா நான் நில்லுன்னா எல்லாரும் நிக்கணும்!"

"உத்தரவு!" என்று சிரித்தாள் கருப்பாயி.

கூட்டம் பாறை வழியே குளத்துக்குப் போனது. முரசன் வாயை மூடிக்கொண்டு கடைசியாக நடந்தான்.

தனக்குத் தெரிந்ததைத் தன் வாயாலேயே தெளிவாகச் சொல்லவேண்டும்; இரவல் வாயில் போட்டால் அது வழி தவறிப் போய்விடும்.